75 ஆண்டுத் திட்டத்துடன் ஒரு திருட்டு

மனநலக் காப்பகம் ஒன்றின் மாடி ஜன்னல். உள்ளே இருக்கும் இளைஞன் படுக்கை விரிப்புகளை முடிச்சுப்போட்டு வெளியே தொங்கவிட்டிருக்கிறான். கீழே புதருக்குள் பதுங்கியபடி அவன் நண்பன் சைகை காட்டிக்கொண்டிருக்கிறான். இறங்கப்போகிற நேரம் பார்த்து டாக்டர் வந்துவிடுகிறார். அது அவனாக விரும்பி வந்து சேர்ந்த இடம். வாசல் வழியாகவே போகலாம், யாரும் தடுக்கப்போவதில்லை. டாக்டருக்கும் அது தெரியும், அவனுக்கும் தெரியும். கீழே நிற்பவனுக்குத்தான் தெரியாது. பாவம், இவ்வளவு திட்டம் போட்டு வந்திருக்கிறான், ஏமாற்ற மனசு வரவில்லை என்று டாக்டரிடம் விளக்கிவிட்டு, விரிப்பைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறான் ஆண்டனி.

1996இல் வெளிவந்த ‘பாட்டில் ராக்கெட்’ இப்படித் தொடங்குகிறது. படத்தின் குணம் முழுக்க இந்த ஒரு காட்சியிலேயே இருக்கிறது. திருட்டை விளையாட்டாகச் சொல்லும் ‘கேப்பர்’ படங்களில் வழக்கமாக ஒரு பெட்டகம் இருக்கும், அதற்குள் வைரம் இருக்கும், அதை எடுக்க மகா புத்திசாலித்தனமான திட்டம் இருக்கும். இதில் திட்டம் மட்டும்தான் இருக்கிறது. எடுப்பதற்கு உருப்படியாக ஒன்றும் கிடையாது. அந்தத் திட்டத்தைப் போட்டவனைப் படம் கிண்டல் செய்வதுமில்லை. இந்தக் கடைசி விஷயத்துக்காகத்தான் நான் இந்தப் படத்தைத் தலையில் தூக்கி வைத்துக்கொள்கிறேன்.

இயக்குநர் வெஸ் ஆண்டர்சன். இன்று அந்தப் பெயரைச் சொன்னாலே அளவெடுத்து வைத்த சட்டகங்களும் மிட்டாய் நிறச் சுவர்களும்தான் ஞாபகம் வரும். அதெல்லாம் வருவதற்கு முந்தைய ஆண்டர்சன் இவர். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் நாடகம் எழுதும் வகுப்பில் ஓவன் வில்சனைச் சந்தித்தார்; இருவரும் ஒரே வீட்டில் குடியிருந்தார்கள். ஜன்னல் பூட்டைச் சரிசெய்து தராத வீட்டுக்காரருக்குப் பாடம் கற்பிக்க, தங்கள் வீட்டுக்குள் தாங்களே திருட்டு நடந்ததுபோல ஜோடித்தார்கள் என்று ஆண்டர்சன் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். வீட்டுக்காரர் நம்பவில்லை. அந்த நிகழ்ச்சியின் சாயல் படத்தில் வரும் முதல் திருட்டில் அப்படியே இருக்கிறது: ஒத்திகைக்காக ஆண்டனியும் புதருக்குள் காத்திருந்த அந்த நண்பன் டிக்னனும் கொள்ளையடிப்பது ஆண்டனியின் சொந்த வீட்டை!

அந்தத் திருட்டைக் கொஞ்சம் கவனித்துப் பார்க்கவேண்டும். டிக்னன் பரபரவென்று அறை அறையாகப் புகுந்து வருகிறான். ஆண்டனியோ போகிற வழியில் நின்று, அலமாரியில் இருக்கும் பொம்மைச் சிப்பாய்களை நேராக்கி வைக்கிறான். கேமரா அதில் ஒரு விநாடிதான் நிற்கிறது. வெளியே வந்தபிறகு ஒரு சண்டை. எடுக்கவேண்டிய பொருள்களின் பட்டியலில் இல்லாத தோட்டையும் டிக்னன் எடுத்துவிட்டான். அது ஆண்டனி தன் அம்மாவுக்கு வாங்கிக் கொடுத்தது. பட்டியல் போட்டுத் திருடுவதும் பட்டியலை மீறிவிட்டாயே என்று முகம் வாடுவதும் இந்தப் படத்தில் மட்டுமே நடக்கக்கூடியவை.

டிக்னனாக நடித்திருப்பவர் ஓவன் வில்சன்; ஆண்டர்சனோடு சேர்ந்து திரைக்கதை எழுதியவரும் அவரே. ஆண்டனி, அவருடைய தம்பி லூக் வில்சன். டிக்னனிடம் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கிறது. அதில் அடுத்த 75 ஆண்டுகளுக்கான திட்டம் கைப்பட எழுதியிருக்கிறது. பஸ்ஸில் ஆண்டனி அதைப் புரட்டும்போது கேமரா பக்கம் பக்கமாகக் காட்டுகிறது. சிரிப்பு வருகிறது, ஆனால் கேலிச் சிரிப்பில்லை. பள்ளிக்கூட நோட்டில் இப்படி ஒரு பக்கமாவது எழுதிப் பார்க்காத பையன் யார்? நமக்கு அந்தப் பக்கம் கிழிந்துபோயிருக்கும். டிக்னன் அதைக் கிழிக்காமல் இருபத்தைந்து வயதைத் தாண்டிவிட்டவன்.

அடுத்து வரும் புத்தகக்கடைக் கொள்ளைக்கு அவன் போடும் மாறுவேடம், மூக்கின் குறுக்கே ஒட்டிய ஒரு பிளாஸ்திரி. துப்பாக்கியை நீட்டியபடியே கடை மேலாளரை ‘சார்’ போட்டு அழைக்கிறான். மேலாளர் பதிலுக்கு அவனை அதட்டுகிறார்.

இந்தப் படம் உருவான பாதையும் ஒரு கேப்பர்தான். முதலில் 13 நிமிடக் கறுப்பு வெள்ளைக் குறும்படமாக எடுத்தார்கள். அது 1993இல் சன்டான்ஸ் விழாவில் திரையிடப்பட்டது. தயாரிப்பாளர் பாலி பிளாட் வழியாக ஜேம்ஸ் எல். புரூக்ஸ் கண்ணில் பட்டது. ‘டெர்ம்ஸ் ஆஃப் என்டியர்மென்ட்’ எடுத்து ஆஸ்கர் வாங்கிய புரூக்ஸ், யாரென்றே தெரியாத இந்தப் பையன்களை நம்பி முழுநீளப் படத்துக்கு வழி செய்தார். பணம் கொலம்பியா ஸ்டுடியோவுடையது. ஆனால் நடிகர்களில் பாதிப்பேர் நண்பர்கள், வில்சன்களின் அண்ணன் ஆண்ட்ரூ உட்பட. குறும்படத்தை ஏற்ற சன்டான்ஸ் முழுப்படத்தை ஏற்கவில்லை. சோதனைக் காட்சிகளில் ஜனங்கள் பாதியில் எழுந்து போனார்கள். செலவு 50 லட்சம் டாலருக்குக் குறையாது. அமெரிக்கத் திரையரங்குகளில் வந்த வசூல் சுமார் 5 லட்சத்து 60 ஆயிரம் டாலர். அத்தோடு கதை முடிந்திருக்கவேண்டும். நடிப்பு வேண்டாம், மரைன் படையில் சேர்ந்துவிடலாம் என்று ஓவன் வில்சன் அப்போது யோசித்ததாகச் சொல்வார்.

வீடியோ கேசட்டும் பிறகு டிவிடியும்தான் படத்தைக் காப்பாற்றின. இதற்குக் காரணம் இருக்கிறது. திரையரங்கில் முன்னூறு பேர் சேர்ந்து உட்கார்ந்து, எப்போது சிரிக்கவேண்டும் என்று காத்திருக்கும்போது இந்தப் படம் தோற்கும். இதன் நகைச்சுவை சத்தம் போட்டு வருவதில்லை. ஒருவர் பேசி முடித்து மற்றவர் பதில் சொல்வதற்குள் வரும் அரை விநாடித் தயக்கத்தில் இருக்கிறது. வீட்டில் தனியாக, ராத்திரி பத்து மணிக்குமேல் பார்க்கிறவருக்கு அந்த அரை விநாடி தப்பாது. முதல்முறை புன்னகைதான் வரும். மறுமுறை போட்டுப் பார்க்கும்போதுதான் வாய்விட்டுச் சிரிப்போம்.

காதல் நடுவில் வருகிறது. கொள்ளையடித்துவிட்டு நெடுஞ்சாலையோர மோட்டல் ஒன்றில் பதுங்குகிறார்கள். அவர்களை யாரும் தேடுவதாகத் தெரியவில்லை, ஆனாலும் பதுங்குகிறார்கள். நீச்சல் குளத்தில் மூழ்கி எழும் ஆண்டனி, அறைகளைச் சுத்தம் செய்யும் இனெஸைப் பார்க்கிறான். அவள் பராகுவேக்காரி, ஸ்பானிஷ் மட்டும்தான் பேசுவாள். இவனுக்கு ஆங்கிலம் மட்டும்தான். அவள் அறை அறையாகத் தள்ளிப்போகும் வண்டியின் பின்னாலேயே போகிறான், கட்டிலுக்கு மறுபக்கம் நின்று விரிப்பின் முனையைப் பிடித்து இழுத்து விடுகிறான். காதலிப்பதற்கு இதைவிட நல்ல வேலை உண்டா? பாத்திரம் கழுவும் ராக்கி என்ற பையன்தான் இருவருக்கும் நடுவில் மொழிபெயர்ப்பாளன். பிரியும் நேரத்தில், ஆண்டனியைக் காதலிப்பதாக அவனிடம் சொல் என்று ராக்கியை அனுப்புகிறாள் இனெஸ். காரில் இருக்கும் டிக்னனிடம் ஓடிவரும் ராக்கி, ‘நான் ஆண்டனியைக் காதலிக்கிறேன் என்று சொல்லிவிடு’ என்கிறான். யார் காதலிக்கிறார்கள் என்பது விட்டுப்போகிறது. இந்த ஒரு குழப்பம் போதும், நண்பர்கள் பிரிய, காதலர்கள் காத்திருக்க, கதை இரண்டாம் பாதிக்குப் போக.

இன்னொரு குழப்பம் பணம். கையில் மிச்சமிருந்த 500 டாலரை ஓர் உறையில் போட்டு, இனெஸிடம் கொடுக்கச் சொல்லி டிக்னனிடமே தருகிறான் ஆண்டனி. கொள்ளையடித்த பணத்தைத் தன் கையாலேயே தானம் செய்துவிட்டோம் என்பது டிக்னனுக்குக் கார் பழுதாகி நடுவழியில் நின்றபிறகுதான் தெரிகிறது. அவன் முகத்தைப் பாருங்கள். பணம் போன கோபத்தைவிட, திட்டத்தில் தன்னிடம் ஒரு பக்கத்தை மறைத்துவிட்டார்களே என்ற வருத்தம்தான் அதிகம்.

இனெஸாக வருபவர் ‘லைக் வாட்டர் ஃபார் சாக்லேட்’ படத்தின் நாயகி லூமி காவசோஸ். எழுத்தில் இனெஸ் பாத்திரம் மெலிசானது. அவளுக்கென்று ஆசையோ எரிச்சலோ எழுதப்படவில்லை. லூமியின் முகம் அதைப் பாதி ஈடுகட்டுகிறது. மோட்டலை விட்டுக் கிளம்பியபின் படம் கொஞ்சம் தொய்வதும் உண்மை. ஜேம்ஸ் கான் உள்ளே வந்ததும் நிமிர்ந்துவிடுகிறது. ‘காட்ஃபாதர்’ சானி இங்கே மிஸ்டர் ஹென்றி: தோட்ட வேலை நிறுவனம் என்ற பெயருக்குப் பின்னால் திருட்டுத் தொழில் நடத்துபவர்.

கடைசிக் கொள்ளை ஒரு குளிர்பதனக் கிடங்கில். அனைவருக்கும் மஞ்சள் நிற முழுஉடை, கையில் வாக்கி டாக்கி. பெட்டகத்தைத் திறக்கவேண்டிய நிபுணரால் அதைத் திறக்க முடியவில்லை, கைப்பழக்கம் போய்விட்டது என்கிறார். அந்த நிபுணர் குமார் பல்லானா, நம் இந்தூரில் 1918இல் பிறந்தவர். 1940களில் அமெரிக்கா போய், குச்சி நுனியில் தட்டுகளைச் சுழற்றும் வித்தைக்காரராகத் தொலைக்காட்சிகளில் தோன்றியவர். டல்லாஸில் அவர் குடும்பம் நடத்திய ‘காஸ்மிக் கப்’ என்ற காபிக்கடைக்கு ஆண்டர்சனும் ஓவனும் வாடிக்கையாளர்கள். அப்படித்தான் எழுபதைத் தாண்டிவிட்ட வயதில் சினிமாவுக்கு வந்தார். ஸ்பீல்பெர்க்கின் ‘தி டெர்மினல்’ பார்த்தவர்களுக்கு விமான நிலையத்தில் தரை துடைக்கும் குப்தாவை நினைவிருக்கும். அவரேதான். பெட்டகத்தின் முன் அவர் நிற்கும் அந்த அமைதியான கையாலாகாத்தனத்துக்கு எந்தப் பயிற்சி பெற்ற நடிகரும் ஈடாகமுடியாது.

கொள்ளை சொதப்புகிறது. ஆப்பிள்ஜாக் என்ற கூட்டாளி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்கிறான். அவனை விட்டுவர மனமில்லாமல் டிக்னன் திரும்ப உள்ளே போகிறான். தடுக்கும் நண்பர்களிடம் தன்னைப் பிடிக்கவே முடியாது, ஏனென்றால் தான் நிரபராதி என்கிறான். கையும் களவுமாக நிற்பவன் பேசும் பேச்சா இது? ஆனால் அவன் சொல்வது முழு உண்மை. 2000இல் ‘எஸ்க்வயர்’ இதழில் ஆண்டர்சனைப் பற்றி எழுதியபோது மார்ட்டின் ஸ்கார்செஸி தனியாக எடுத்துச் சொன்னதும் இந்த இடத்தைத்தான். தொண்ணூறுகளின் தனக்குப் பிடித்த படங்களில் ஒன்றாகவும் இதைக் குறிப்பிட்டார். ‘குட்ஃபெல்லாஸ்’ எடுத்தவர், திருடத் தெரியாத திருடர்களைக் கொண்டாடியது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

ராபர்ட் யோமனின் ஒளிப்பதிவில் டெக்சாஸின் தட்டையான வெளியும் உச்சிவெயிலும் இருக்கின்றன. பின்னாளில் ஆண்டர்சனும் யோமனும் சேர்ந்து உருவாக்கிய பொம்மை வீட்டுச் சட்டகங்கள் இன்னும் வரவில்லை. பாத்திரங்கள் சட்டகத்துக்குள் தாராளமாக நடமாடுகிறார்கள், சில சமயம் விளிம்பைத் தாண்டியும் போய்விடுகிறார்கள். ‘கிராண்ட் புடாபெஸ்ட் ஹோட்டல்’ எவ்வளவு நேர்த்தியானதாக இருந்தாலும், ஆண்டர்சன் பிறகு கைவிட்ட இந்தத் தளர்வுக்கே என் ஓட்டு.

2008 இறுதியில் கிரைட்டீரியன் நிறுவனம் இதை டிவிடியாகவும் புளூ-ரேயாகவும் கொண்டுவந்தது. அந்த நிறுவனம் முதன்முதலாக வெளியிட்ட புளூ-ரே தொகுப்பில் ‘தி தேர்ட் மேன்’ போன்ற படங்களுக்குப் பக்கத்தில் இதற்கும் இடம் கிடைத்தது. ஸ்கார்செஸியின் குறிப்பும் மூலக் குறும்படமும் அதில் உண்டு. படம் 91 நிமிடம்தான். ஆண்டர்சனின் பிற்காலப் படங்கள் ஒத்துவரவில்லை என்று ஒதுங்கியவர்களே முதலில் இதைப் பார்க்கவேண்டும். குறும்படத்தை மட்டும் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.