கொள்ளைக்காரனின் நாணயம்

ஐஸ்லாந்தில் உருவாகி 2003-ல் வெளிவந்த ‘ஈவ் ஆன்லைன்’ என்ற கணினி விளையாட்டில் விண்வெளியில் கப்பலோட்டி வியாபாரம் செய்யலாம்; வியாபாரியை வழிமறித்துக் கொள்ளையும் அடிக்கலாம். நான் கொள்ளைக்காரனாகத்தான் ஆடினேன். மணிக்கணக்காகக் காத்துக் கிடப்பது அலுப்புத்தான். ஆனால் அங்கே உடைந்த கப்பல் போனதுதான். அதை ஓட்டுகிறவனும் எங்கோ உட்கார்ந்திருக்கும் நிஜ மனிதன். ‘பணம் கொடு, விட்டுவிடுகிறேன்’ என்ற பேரத்துக்கு அதனால்தான் உயிர் வருகிறது. வாங்கிக்கொண்டு சுட்டாலும் ஆட்டத்தின் விதி தடுக்காது. பெயர் கெட்டுவிட்டால் மட்டும் அடுத்தவன் காலணா தரமாட்டான். கொள்ளைக்காரனுக்கும் நாணயம் வேண்டியிருக்கிறது! நம் தொடர்கதை வில்லனுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆசிரியர் கெட்டவன் என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. ஒருநாள் ஒருவன் பணத்தைக் கட்டிவிட்டு, ‘நிஜமாகவே விடுவீர்களா?’ என்று கேட்டான். சுடத்தான் கை துறுதுறுத்தது. விட்டேன்.