சாத்தான் மீது ஒரு பழி

பாட்டால் பிணம் விழுந்ததாம்! சாத்தானைப் பாடினராம், சாவு வந்ததாம்!

1969 டிசம்பர் 6-இல், கலிபோர்னியாவின் ஆல்டமான்ட் திடலில், 'ரோலிங் ஸ்டோன்ஸ்' குழுவினர் பாடிய விழாவிலே, கறுப்பின இளைஞர் ஒருவர் கத்திக்கு இரையானார். 'சிம்பதி ஃபார் த டெவில்', அதாவது 'சாத்தானுக்குப் பரிவு' என்னும் பாட்டின்போதுதான் என்று கதை பரவிற்று. உண்மை யாது? அப்பாட்டு முடிந்து, வேறொரு பாட்டு ஒலித்தபோதே அவர் குத்தப்பட்டார். 1970-இல் வெளிவந்த 'கிம்மி ஷெல்ட்டர்' படமே சான்று. குத்தியவன், மேடையைக் காக்க நிறுத்தப்பட்ட மோட்டார் சைக்கிள் கும்பலைச் சார்ந்தவன். முரடரைக் காவலுக்கு வைத்தவர் மனிதர், பழியோ சாத்தானுக்கு!

இதைத்தானே அப்பாட்டு எள்ளி நகையாடுகிறது!

1968 ஜூனில் இலண்டனில் பதிவான அதன் வித்து, மிகயில் புல்ககோவின் 'மாஸ்டரும் மார்கரிட்டாவும்' என்ற ரஷ்ய நாவல். ஆசிரியர் 1940-இல் மறைந்தார். நாவலோ தணிக்கையின் கத்தரிக்குத் தப்பிய அளவில், 1966-67-இல்தான் மாஸ்கோ ஏடொன்றில் வெளிவந்தது. அதைப் பாடகர் மிக் ஜாகரிடம் தந்தவர் மரியன் ஃபெய்த்ஃபுல். நாவலின் சாத்தானுக்குக் கொம்பில்லை, வாலில்லை. அயல்நாட்டுப் பேராசிரியர் வேடத்திலே, பண்பட்ட பேச்சோடு மாஸ்கோவுக்கு வருகிறான். வந்ததும் அவன் கேலி செய்வது கடவுள் மறுப்பாளரைத்தான். தோழர்கள் முகம் சுளிக்க வேண்டா. பேராசைக்காரரும் கோழைகளும் அவனிடம் அதைவிட நன்றாகவே வாங்கிக் கட்டிக்கொள்கின்றனர்! பிரெஞ்சுக் கவிஞர் பொதலேரின் சாயலும் பாட்டில் உண்டென ஜாகரே பின்னாளில் கூறியதுண்டு.

சிலுவை, ரஷ்யப் புரட்சி, உலகப்போர் என எங்கும் உடனிருந்ததாகப் பாட்டிலே பேசுகிறான் அக்கனவான். செய்த கை எவருடையது? கென்னடியைப் பற்றிச் சொல்ல வந்ததும், கேட்போரையே கூட்டாளியாக்கி விடுகிறான். பதிவு நடந்துகொண்டிருந்த நாட்களிலேயே ராபர்ட் கென்னடியும் சுடப்பட்டு இறந்தார். ஒருமையில் எழுதிய பெயர் பன்மையாயிற்று.

நாட்டுப்பாடல் நடையில் தொடங்கியதைச் சாம்பா தாளத்துக்கு மாற்றினர். குற்றப்பட்டியல் வாசிக்கப்படுகிறது, நம் கால்களோ ஆடுகின்றன! குத்தல் அங்கேதான் இருக்கிறது.

பின்னர் பாடியோருள் 1973-இல் பிரையன் ஃபெர்ரி நாடகக் கனவானாக வந்தார். சுவைதான், சூடு குறைவு. 1994-இல் இரத்தக்காட்டேரிப் படமொன்றுக்காக 'கன்ஸ் அண்ட் ரோசஸ்' குழுவினர் பாடினர். கிட்டாரின் உறுமல் உண்டு, குறும்பில்லை. அச்சுறுத்தும் பேயைக் கண்டு நாம் நடுங்கலாம். நம்மை அதில் காணமாட்டோம்.

அன்றைய யூகோஸ்லாவியாவின் 'லைபாக்' குழுவோ, 1988-இல் இவ்வொரு பாட்டையே பல வடிவங்களில் பாடி ஓர் இசைத்தட்டாக்கியது. அடித்தொண்டையிலிருந்து எழும் ஆணைக்குரல், அணிவகுப்பின் இறுக்கம்! பேசுவது சாத்தானா, அரசா என்று நாம் திகைக்கிறோம்.