வாசலில் தொங்கும் எழுத்து

மேலே புல்லைக் குறிக்கும் உறுப்பு, கீழே குறுக்காக வெட்டிக்கொள்ளும் இரண்டு கோடுகள். ஐந்தே இழுப்பில் முடிந்துவிடும் இந்தச் சீன எழுத்து, நம் மாசிபத்திரியின் இனத்துச் செடியைக் குறிக்கிறது. சீனர் ‘ஆய்’ என்றும், வியட்நாமியர் ‘ங்காய்’ என்றும், ஜப்பானியர் ‘யொமோகி’ என்றும் வாசிப்பார்கள்.

சீனாவில் ஐந்தாம் மாதம் ஐந்தாம் நாள் இந்தத் தழை வாசலில் தொங்கும். ஜப்பானில் இளந்தளிரை அவித்து அரிசியோடு இடித்தால் பச்சை மோச்சி. காய்ந்த இலையை இடித்துச் சலித்தால் மிஞ்சுகிற பஞ்சைத் தோலருகே கனியவைப்பது வைத்தியம்.

இலையைத் திருப்பினால் அடியில் வெண்சாம்பல் ரோமம். பழைய சீனச் சடங்கு நூலான ‘லீஜி’ ஐம்பது வயதை இந்த எழுத்தால்தான் சுட்டுகிறது. முடி அந்த நிறமாவதால் என்பார்கள் உரைகாரர்கள். சீனத் தத்துவஞானி மென்சியஸின் நூலிலோ இளமை அழகுக்கும் இதே எழுத்துதான். நரைக்கும் அழகுக்கும் பகையில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.