சீஷோர் இசைத்திறன் சோதனைகள்: ஏற்புடைமை குறித்த மதிப்பீடு

அமெரிக்க உளவியலாளர் கார்ல் சீஷோர் (1866–1949) உருவாக்கிய இசைத்திறன் அளவீடுகள் 1919-ஆம் ஆண்டு கிராமபோன் இசைத்தட்டுகளாக வெளிவந்தன. இசைத்திறனை அளக்க வந்த தரப்படுத்திய சோதனைகளுள் இவை முன்னோடியானவை. 1939-இல் திருத்தப்பட்ட பதிப்பில் சுருதி, ஒலியின் உரப்பு, தாளம், கால அளவு, ஒலிப்பண்பு, சுர நினைவு என ஆறு பிரிவுகள் இருந்தன.

சுருதிச் சோதனையில் இரண்டு ஒலிகள் அடுத்தடுத்துக் கேட்கும். இரண்டாவது ஒலி முதலாவதைவிட மேலே உள்ளதா, கீழே உள்ளதா என்று குறிக்க வேண்டும். 1939 பதிப்பில் ஒலிகள் 500 ஹெர்ட்ஸை ஒட்டி அமைந்தன. அவற்றுக்கு இடையிலான வேறுபாடு 17 ஹெர்ட்ஸில் தொடங்கி 2 ஹெர்ட்ஸ் வரை குறையும். அந்த இடத்தில் ஓர் அரைச் சுரத்தின் இடைவெளி ஏறத்தாழ 30 ஹெர்ட்ஸ். அதாவது, பியானோவின் அடுத்தடுத்த இரு கட்டைகளுக்கு இடையே உள்ளதைவிடச் சிறிய வேறுபாடுகளையே இச்சோதனை கேட்கிறது.

நம்பகமும் ஏற்புடைமையும்

ஒரு சோதனையை மீண்டும் நடத்தினாலும் ஏறக்குறைய அதே மதிப்பெண் கிடைத்தால் அது நம்பகமானது. எதை அளப்பதாகச் சொல்கிறதோ அதையே அளந்தால்தான் அது ஏற்புடையது. எடை பார்க்கும் கருவி எத்தனை முறை ஏறி நின்றாலும் ஒரே எடையைக் காட்டலாம். அதைக் கொண்டு ஒருவரின் உடல் வலிமையைச் சொல்லிவிட முடியாது.

சீஷோரின் வாதம் எளிமையானது. சுருதிச் சோதனை சுருதி வேறுபாட்டை உணரும் திறனை அளக்கிறது. அதற்கு வேறு சான்று தேவையில்லை என்றார். ஆறு மதிப்பெண்களையும் கூட்டி ஒரே எண்ணாக்குவதையும் அவர் ஏற்கவில்லை. ஆனால் சோதனைக்கு அவர் இட்ட பெயர் ‘இசைத்திறன்’ என்பதாகும். ஜேம்ஸ் மர்செல் எழுப்பிய மறுப்பு இந்த இடத்தில்தான் வலுப்பெறுகிறது. தனித்தனி ஒலிகளைப் பிரித்தறிவது வேறு, ஒலிகளுக்கு இடையிலான உறவை இசையாக உணர்வது வேறு என்பது அவர் நிலைப்பாடு.

ஈஸ்ட்மன் ஆய்வு

ராச்செஸ்டர் நகரின் ஈஸ்ட்மன் இசைப்பள்ளியில் ஹேசல் ஸ்டாண்டன் இச்சோதனைகளைப் பல ஆண்டுகள் பயன்படுத்தி ஆராய்ந்தார். மிக உயர்ந்த பிரிவில் வைக்கப்பட்ட மாணவர்களில் 60 விழுக்காட்டினரும், மிகத் தாழ்ந்த பிரிவினரில் 17 விழுக்காட்டினரும் உரிய காலத்தில் பட்டம் பெற்றனர். இது சோதனைக்குச் சாதகமான சான்றாகத் தோன்றும். எனினும் அந்தப் பிரிவுகள் சீஷோர் சோதனையை மட்டும் கொண்டு வகுக்கப்பட்டவை அல்ல. பொது அறிவுத்திறன் சார்ந்த தேர்வு ஒன்றும் அவற்றில் சேர்ந்திருந்தது. எனவே எது எதை முன்கணித்தது என்று பிரித்துக் கூற இயலாது. பட்டம் பெறுவதும் நல்ல இசைக்கலைஞராவதும் ஒன்றல்ல. தவிர, தாழ்ந்த பிரிவிலிருந்தும் ஏறத்தாழ ஆறில் ஒருவர் தேறினார். மதிப்பெண்ணை மட்டும் நம்பிக் கதவை அடைத்திருந்தால் அவர்கள் வெளியே நின்றிருப்பார்கள்.

பிறவித் திறனா, பயிற்சியா?

இத்திறன்கள் பிறவியிலேயே அமைந்தவை, பயிற்சியால் பெரிதும் மாறாதவை எனச் சீஷோர் கருதினார். ஆனால் ரூத் வையட் 1945-இல் வெளியிட்ட ஆய்வு, முறையான பயிற்சியால் சுருதியுணர்வு மேம்படுவதைக் காட்டியது. அப்படியானால் குறைந்த மதிப்பெண் என்பது திறமையின்மையின் அடையாளமாக மட்டுமின்றி, வாய்ப்பின்மையின் அடையாளமாகவும் இருக்கக்கூடும்.

பின்வந்தோர் இக்குறைகளைக் களைய முயன்றனர். இங்கிலாந்தின் ஹெர்பர்ட் விங் பியானோ ஒலிகளைப் பயன்படுத்தியதோடு, இசையை மதித்துணரும் திறனையும் சோதித்தார். எட்வின் கார்டன் 1965-இல் வெளியிட்ட சோதனையில் இசைக்கருவிகளில் வாசித்த சிறு இசைத்தொடர்கள் இடம்பெற்றன. அவர் மாணவர்களை மூன்றாண்டுகள் தொடர்ந்து கவனித்து, தம் சோதனையின் முன்கணிப்பைச் சரிபார்த்தார். ஏற்புடைமையை நிறுவ ஏற்ற வழி இதுவே.

சீஷோரின் சோதனைகள் பயனற்றவை அல்ல. மாணவர் ஒருவருக்கு எந்தப் பகுதியில் கூடுதல் பயிற்சி தேவை என்று அறிய ஆசிரியருக்கு அவை உதவும். இசை கற்கத் தகுதியானவர் யார் என்று தீர்ப்பளிக்கும் அதிகாரத்தை அவற்றுக்குத் தருவதற்குப் போதிய சான்று இல்லை. கேட்கும் கூர்மை இசைக்குத் தேவையான பலவற்றுள் ஒன்று மட்டுமே.