பொருளாதாரத்தை அரசியல் சட்டத்தில் எழுதலாமா?

1947இல் அம்பேத்கர் ‘மாநிலங்களும் சிறுபான்மையினரும்’ என்ற மனுவை வெளியிட்டார். முக்கியத் தொழில்கள் அரசுக்கே சொந்தம், காப்பீடு அரசின் தனியுரிமை, வேளாண்மையும் அரசுத் தொழில். இவற்றைச் சாதாரணச் சட்டமாக இயற்றினால் அடுத்து வரும் பெரும்பான்மை கலைத்துவிடும். ஆகவே அரசியல் சட்டத்திலேயே எழுதிவிட வேண்டும் என்று அதில் வாதிட்டார்.

1948 நவம்பர் 15. அரசியல் நிர்ணய சபையில் கே.டி. ஷா, இந்தியாவை ‘மதச்சார்பற்ற, கூட்டாட்சி, சோசலிச’ ஒன்றியமாக அறிவிக்கும் திருத்தத்தைக் கொண்டுவந்தார். அதை எதிர்த்தவர் அதே அம்பேத்கர். சமுதாயம் தன் பொருளாதாரத்தை எப்படி அமைத்துக்கொள்வது என்பதைக் காலத்துக்கேற்ப மக்களே தீர்மானிக்கட்டும், இன்றே முடிவுகட்டுவது ஜனநாயகத்தைக் குலைப்பதாகும் என்றார். வழிகாட்டு நெறிகளில் சோசலிசம் ஏற்கெனவே இருப்பதால் திருத்தம் தேவையற்றது என்பது அவருடைய இரண்டாவது காரணம். முரண்பாடு என்று இதை ஒதுக்கிவிட முடியாது. மனு எழுதியவர் ஒரு கட்சியின் தலைவர். சபையில் பேசியவர் வரைவுக் குழுவின் தலைவர். ஆட்சிமுறையும் பொருளாதார முறையும் ஒன்றையொன்று எந்த அளவுக்குக் கட்டுப்படுத்தலாம் என்ற கேள்விக்குச் சாத்தியமான இரண்டு விடைகளையும் ஒரே மனிதர் சொல்லிப் பார்த்திருக்கிறார்.

விடை தேர்தல் அரசியலுக்குப் போனது. முதலாளிகள் சந்தையைக் கேட்டார்கள், இடதுசாரிகள் அரசைக் கேட்டார்கள் என்ற வழக்கமான சித்திரம் இந்தியாவுக்குச் சரிவராது. டாடாவும் பிர்லாவும் கையெழுத்திட்ட 1944ஆம் ஆண்டின் பம்பாய்த் திட்டமே அரசின் தலையீட்டை ஏற்றுக்கொண்டது. கனரகத் தொழிலுக்கு வேண்டிய பெருமுதலீடு வேறு எங்கிருந்து வரும்? 1955 ஜனவரியில் ஆவடி காங்கிரஸ் மாநாடு சோசலிச பாணி சமுதாயத்தை இலக்காக அறிவித்தது. மறு ஆண்டின் தொழிற்கொள்கைத் தீர்மானம் 17 தொழில்களை அரசின் பொறுப்பில் வைத்தது. இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தை ஆராய்ந்த பொருளாதார அறிஞர் குழுவில் பி.ஆர். ஷெனாய் ஒருவர்தான் மறுப்புக் குறிப்பு எழுதினார். பற்றாக்குறை நிதியை நம்பித் திட்டம் போட்டால் விலைவாசி ஏறும் என்பது அவர் எச்சரிக்கை.

ராஜாஜியின் தாக்குதல் வேறு இடத்தில் விழுந்தது. 1959இல் சென்னையில் சுதந்திராக் கட்சியைத் தொடங்கிய அவர், உற்பத்திக் கணக்கைவிடக் கையெழுத்துப் போடும் அதிகாரத்தைக் குறிவைத்தார். ‘லைசென்ஸ் பெர்மிட் கோட்டா ராஜ்’ என்று அவர் சாடியதன் சாரம் இதுதான்: அனுமதி வழங்கும் அதிகாரி இருக்கும் வரை ஆளுங்கட்சிக்கு நன்கொடையும் வந்துகொண்டே இருக்கும். 1967இல் மக்களவையில் 44 இடங்களோடு அக்கட்சி பெரிய எதிர்க்கட்சியானது. 1974இல் வேறொரு கட்சியில் கரைந்தது.

தஞ்சாவூரில் பிறந்த காந்தியப் பொருளாதார அறிஞர் ஜே.சி. குமரப்பாவுக்கோ இருதரப்பும் ஒன்றுதான். ஆலை அரசுடையதா தனியாருடையதா என்பதைக் காட்டிலும் உற்பத்தி ஓரிடத்தில் குவிவதே அவருக்குச் சிக்கல். ஷெனாய், ராஜாஜி, குமரப்பா ஆகிய மூவரில் இன்று குறைவாக வாசிக்கப்படுபவர் குமரப்பாவே என்பது நியாயமாகப் படவில்லை.

1976இல், நெருக்கடிநிலையின்போது, 42ஆவது திருத்தம் முகவுரையில் ‘சோசலிச’ என்ற சொல்லைச் சேர்த்தது. ஷா கேட்டது, எதிர்க்கட்சித் தலைவர்கள் சிறையில் இருந்த நேரத்தில் கிடைத்தது. 1991 ஜூலையில் மன்மோகன் சிங்கின் பட்ஜெட்டும் புதிய தொழிற்கொள்கையும் பெரும்பாலான தொழில்களுக்கு உரிமம் தேவையில்லை என்றாக்கின. முகவுரையில் ஓரெழுத்தும் மாறவில்லை.

நீதிமன்றம் இந்த இடைவெளியை விளக்கத்தால் நிரப்பியது. 2024 நவம்பர் 5 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, தனியார் சொத்து அனைத்தையும் சமுதாயத்தின் வளமாகக் கருத முடியாது என்று பெரும்பான்மையாகத் தீர்ப்பளித்தது. அதே மாதம் 25ஆம் தேதி வேறோர் அமர்வு முகவுரைத் திருத்தத்தை எதிர்த்த மனுக்களைத் தள்ளுபடி செய்தது. இங்கே சோசலிசம் என்றால் நல அரசும் சம வாய்ப்பும்தான், தனியார் தொழிலுக்கு அது தடையல்ல என்றது.

மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 29ஏ பிரிவு மட்டும் இவ்வளவு நெகிழ்வானதல்ல. முழுச் சந்தைப் பொருளாதாரமே தன் கொள்கை என்று ஒரு கட்சி இன்று தேர்தல் ஆணையத்திடம் பதிவுக்குப் போனால், சோசலிசக் கோட்பாட்டுக்கு உண்மையான பற்றுறுதி கொண்டிருப்பதாகத் தன் அமைப்பு விதிகளில் எழுதிக்கொண்டுதான் போக வேண்டும்.