முகஸ்துதிக்குப் பலியான முதியவர்

குமாரபாளையத்தில் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் ‘இஹ்யா உலூமித்தீ’னைப் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது மாணவர் ஒருவர் நம்மிடம் கேட்டார்: “ஹஜ்ரத், முகஸ்துதிக்காரனின் அமல் அவனுக்குத்தானே பாழாகிறது? பிறருக்கு அதனால் என்ன கேடு?” பதவி மோகத்தையும் முகஸ்துதியையும், அதாவது ஜாஹையும் ரியாவையும், இமாமவர்கள் ஒரே பகுதியில் சேர்த்துப் பழித்திருப்பதிலேயே இதற்கான விடை அடங்கியுள்ளது. அந்த விடையைக் கதையாக்கிக் காட்டியவர் சீன எழுத்தாளர் வூ சிங்ட்ஸி (1701–1754).

அவருடைய ‘ரூலின் வாய்ஷி’ என்னும் நாவல், அரசுத் தேர்வெழுதிப் பதவி தேடிய படிப்பாளிகளை எள்ளி நகையாடுவது. அதில் காவ்யாவ் மாவட்ட நீதிபதியான தாங் ஒரு முஸ்லிம். அவருடைய விருந்துக்கு, ஐம்பது வயதைக் கடந்தபின் தேர்வில் தேறிய பான் ஜின் வருகிறார். அண்மையில் தாயை இழந்தவர். துக்கம் காப்பவராதலால் வெள்ளிக் கிண்ணம் வேண்டாம் என்கிறார். தந்தக் குச்சிகளையும் மறுக்கிறார். மூங்கில் குச்சிகள் வந்த பின்பே உண்ணத் தொடங்குகிறார். புலால் தொடமாட்டாரோ என்று தாங் கலங்கும் நேரத்தில், பெரியதோர் இறால் உருண்டை அவர் வாய்க்குள் போகிறது. ஆசிரியர் அதற்குமேல் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

சிரிப்பு அடங்குமுன் கதை திரும்புகிறது. உழவு மாடுகளை அறுக்க அரசு தடை விதித்திருந்த காலம் அது. தடையைத் தளர்த்திக் கொடுக்குமாறு வேண்டி, முஸ்லிம்களின் சார்பில் முதியவர் ஒருவர் ஐம்பது காத்தி மாட்டிறைச்சியைக் கையூட்டாகக் கொண்டுவருகிறார். அதிகாரிக்கு அரசரன்றி மார்க்க உறவு ஏது என்று இன்னொரு விருந்தாளியான சாங் தூண்டிவிடுகிறார். கடுமை காட்டினால் பதவி உயர்வு வரும் என்றும் ஆசை காட்டுகிறார். முதியவரின் கழுத்தில் தண்டனைப் பலகை பூட்டப்படுகிறது. இறைச்சி முழுவதும் அதன்மேல் குவிக்கப்படுகிறது. வெயிலில் அது புழுக்கிறது. மூன்றாம் நாள் முதியவர் இறக்கிறார்.

இறைச்சியைத் திருப்பி அனுப்பியிருந்தால் அது நேர்மை. தாங்குக்கோ நேர்மை மேலிடத்தின் கண்ணில் பட வேண்டியிருந்தது. முஸ்லிம்கள் கடையடைத்துத் திரண்டபோது, சாங் கயிற்றில் இறங்கிக் கோட்டைச் சுவரைத் தாண்டி ஓடுகிறார். மேலதிகாரி தாங்கைச் சற்றே கடிந்துகொண்டாலும், முடிவில் தண்டனை பெறுவது கிளர்ந்தவர்களில் ஐவரே.

நம் தமிழிலும் முன்சீபாகப் பணியாற்றிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை ‘பிரதாப முதலியார் சரித்திர’த்தில் (1879) அதிகாரத்தின் குறைகளைத் தொட்டார். ஆனால் அவர் ஞானாம்பாளை அரியணையில் அமர்த்தி உபதேசம் செய்ய வைக்கிறார். வாசகர் தலையசைத்து, தாம் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவரல்லர் என நிம்மதி கொள்ளலாம். வூ அந்த நிம்மதியைத் தருவதில்லை. இறால் உருண்டைக்குச் சிரித்த நாமும் அந்த விருந்தில் அமர்ந்திருந்தவர்களே ஆகிறோம்.

இறந்த முதியவருக்குக் கதையில் பெயரில்லை. அவருக்காக ஆசிரியர் அழவுமில்லை. இதைக் குறையென்பாரும் இருக்கலாம். நாம் அவ்வாறு கருதவில்லை. பதவி உயர்வை நோக்கிய கண்ணுக்கு அவர் எப்படித் தெரிந்தாரோ, அப்படியே நமக்கும் காட்டப்படுகிறார். அந்த வெறுமையே நம்மை உறுத்துகிறது.

மாணவருக்கு நாம் இக்கதையைச் சொன்னோம். தனித்திருப்பவனின் முகஸ்துதி அவன் அமலை அரிக்கும். அதிகாரம் உடையவனின் முகஸ்துதிக்கோ இன்னொருவரின் கழுத்து தேவைப்படுகிறது. மதரஸாவிலும் ஜமாஅத்திலும் சிறு பொறுப்பேனும் வகிக்கும் நாம், பிறருடைய தவற்றைக் கண்டிக்க எழும்போதெல்லாம் யாருடைய பார்வைக்காக எழுகிறோம் என்று ஒருகணம் நிய்யத்தைச் சோதித்துக்கொள்வோமாக.