அஞ்செலோட்டியின் புருவம்

கால்பந்துப் பயிற்சியாளர் கார்லோ அஞ்செலோட்டி கோட்டருகே நின்றால், என் கண் பந்தைவிட்டு அவருடைய இடது புருவத்துக்குப் போய்விடும். கோல் போட்டாலும் வாங்கினாலும் அசைவது அது ஒன்றுதான்.

2005 சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டி, இஸ்தான்புல். இடைவேளைக்குள் அவருடைய மிலான் 3-0 என முன்னிலை. லிவர்பூல் மூன்றையும் திருப்பி அடித்து, பெனால்டியில் கோப்பையைத் தட்டிச் சென்றது. அவர் யார்மீதும் எரிந்து விழவில்லை. அணியின் முதுகெலும்பையும் முறிக்கவில்லை. 2007 இறுதிப் போட்டியில், ஏதென்சில், அதே லிவர்பூலை 2-1 என வென்றார்.

ஆளை அளந்து சட்டை தைக்கும் தையற்காரர் அவர். தாக்கும் ஆட்டக்காரரான பிர்லோவை மிலானில் தற்காப்புக்கு முன்னே நிறுத்தி, அங்கிருந்தே ஆட்டத்தை நடத்தவிட்டார்.

பயிற்சியாளராக ஐந்து சாம்பியன்ஸ் லீக் கோப்பைகள். ஆர்ப்பாட்டமோ, அவருடைய ரியல் மாட்ரிட் 2022இல் ஸ்பெயின் லீக்கை வென்றபோது பிடித்த ஒரு சுருட்டு!